ஈரல் அடைபட்டால் மூத்திரப்பைக்கு என்ன?

வயிற்றில் நீர் கோத்துப் படுத்திருப்பவரிடம் என்ன செய்கிறது என்று கேட்டால், ஈரலைப் பற்றி அவர் பேசமாட்டார். ஈரல் வலித்துக் காட்டிக்கொடுப்பது குறைவு. மூச்சு முட்டுது, சோறு இறங்கலை, கால் வீங்குது என்பார். கூட இருப்பவர்கள் வெளியே போன பிறகு குரலைத் தாழ்த்திச் சொல்வது மூத்திரத்தைப் பற்றி. ராத்திரி பலதடவை எழும்ப வேண்டியிருக்கு, போனாலும் முழுக்கப் போன திருப்தி இல்லை, சில நேரம் எழும்பும் முன்னே துணி நனைஞ்சுபோகுது. நீர் மாத்திரை தின்றால் அப்படித்தான் என்று வீட்டார் அந்தப் பேச்சை முடித்துவிடுவார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல, ஈரல் வழியே ஓடும் ரத்தம் தடைபடும்போது இடுப்புக்குள் இருக்கும் ஒரு சிறு தசைப்பைக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

ஈரலுக்கு ரத்தம் இரண்டு வழியாக வருகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். இதயம் வெளியே தள்ளுவதில் கால் பங்குக்கு மேல் இது. இதில் சுமார் நான்கில் மூன்று பங்கு தமனி வழியாக வருவதில்லை. இரைப்பை, குடல், மண்ணீரல், கணையம் எல்லாம் பயன்படுத்தி முடித்த ரத்தம் போர்ட்டல் சிரை என்ற ஒரே குழாயில் கூடி ஈரலுக்குள் நுழைகிறது. உள்ளே மிக நுண்ணிய வழிகளில் பிரிந்து, செல்களைத் தொட்டுக்கொண்டு நகர்ந்து, மறுபடியும் ஒன்றுசேர்ந்து, ஈரல் சிரைகள் வழியாக உதரவிதானத்துக்குச் சற்றுக் கீழே கீழ்ப்பெருஞ்சிரையில் விழுகிறது. அங்கிருந்து இதயத்தின் வலப்பக்கம் ஒரு எட்டுத்தான்.

சிறுநீர்ப்பையின் ரத்தம் ஈரலுக்குப் போவதே இல்லை. பையைச் சுற்றியுள்ள சிரைப்பின்னலிலிருந்து இடுப்புச் சிரைகளுக்குப் போய், நேராகக் கீழ்ப்பெருஞ்சிரையில் ஏறுகிறது. ஆக ஈரலும் சிறுநீர்ப்பையும் வாசல் எதிர் வாசல் இல்லை. இரண்டும் வந்து சேரும் தெரு ஒன்று, அவ்வளவுதான். அந்தத் தெருவில் ரத்தத்தைத் திரும்பவிடாமல் பிடிக்கும் கதவுகள் கிடையாது. கால் சிரைகளில் அடுக்கடுக்காக வால்வுகள் உண்டு; கீழ்ப்பெருஞ்சிரையிலும் போர்ட்டல் சிரையிலும் இல்லை. மேலே அழுத்தம் ஏறினால் அது தடையில்லாமல் கீழே இறங்கும்.

நாஞ்சில் நாட்டுக்காரருக்கு இதை விளக்க மணக்குடி போதும். பழையாறு கடலில் சேரும் இடத்தில் மணல் மேடிட்டுப் பொழி என்னும் முகத்துவாரம் அடைந்துவிட்டால், ஆற்றில் புதிதாக மழை வெள்ளம் வரவேண்டும் என்றில்லை, வழக்கமான நீரே தேங்கிப் பின்னால் ஏறும். உப்பளமும் வயலும் மூழ்கும். மூழ்கிய வயலுக்கும் மணல்மேட்டுக்கும் நடுவே நெடுந்தூரம் இருக்கலாம். வயலில் நின்று வரப்பை உயர்த்துவதால் பயனில்லை, பொழியை வெட்ட வேண்டும். உடலில் இந்தப் பொழி மூன்று இடங்களில் அடைபடலாம்: ஈரலுக்கு முன்னால் போர்ட்டல் சிரையில், ஈரலுக்குள்ளேயே, அல்லது ஈரலைத் தாண்டி இதயத்துக்குப் போகும் வழியில். எங்கே அடைபட்டது என்பதைப் பொறுத்து சிறுநீர்ப்பையின் கதை மாறுகிறது.

மூன்றாவது வகைதான் சிறுநீர்ப்பையை நேரடியாகத் தாக்குவது. அந்த வகையில் உலக மருத்துவ நூல்களில் இடம்பிடித்த ஒரு நோய் நம் கரையோரத்துக்குச் சொந்தமானது.

எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ் என்பது அதன் பெயர். இதய அறையின் உட்புறத்தில் தழும்புத் திசு படர்ந்து, அறையின் அடிமுனையையே அடைத்துவிடும். உகாண்டாவில் ஜே. என். பி. டேவிஸ் 1948இல் இதைத் தனி நோயாக விவரித்தார். பிறகு கேரளத்தின் தென் மாவட்டங்களிலிருந்து நோயாளிகள் வந்தபடி இருந்தார்கள். பெரும்பாலும் ஏழைகள், பலர் பள்ளி வயதுப் பிள்ளைகள், இளைஞர்கள். வலது அறை அடைபட்டவர்களின் தோற்றம் மறக்க முடியாதது. வயிறு குடம்போல் முன்தள்ளியிருக்கும், கைகால் குச்சியாக மெலிந்திருக்கும். இதயம் கெட்டால் முதலில் காலில்தானே வீக்கம் வரவேண்டும்? இவர்களுக்குக் கால்வீக்கம் கொஞ்சமே, வயிற்று நீரோ ஏராளம். மகோதரம் என்று நாட்டு வைத்தியர் சொல்லும் பெருவயிறு. ஈரல் நோய் என்றே பலருக்கும் முதலில் தோன்றும்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் அதன் முதல் இயக்குநர் எம். எஸ். வலியத்தானும் நோயியல் வல்லுநர் சி. சி. கர்த்தாவும் இந்த நோயின் பின்னால் ஆண்டுக்கணக்காக அலைந்தார்கள். 2024இல் மறைந்த வலியத்தானைப் பலர் இந்தியாவிலேயே செய்யப்பட்ட இதய வால்வுக்காக மட்டும் நினைக்கிறார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது இந்தத் தேடல்தான். அறுவை மருத்துவர் ஒருவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மண்ணையும் கிழங்கையும் ஆராயப் போனார்.

மண் என்றால் நம் மண். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அதைப் பின்தொடர்ந்து வந்து மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை தொடங்கினார். அன்று தோரியத்துக்கு இருந்த மவுசு அணுவுக்காக அல்ல, காஸ் விளக்கின் மேன்டிலுக்காக. மோனசைட்டில் தோரியம் மட்டும் இல்லை, அதைவிட அதிகமாகச் சீரியம், லாந்தனம் போன்ற அருமண் தனிமங்கள் இருக்கின்றன. இந்த மணல் நம் குமரி மாவட்டத்துக் கரையிலிருந்து கொல்லம் தாண்டி வடக்கே வரை திட்டுத்திட்டாகக் கிடக்கிறது.

கிழங்கு என்றால் மரச்சீனி. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதை ஊரெங்கும் நடச்சொன்னார். 1942இல் பர்மா அரிசி நின்றபோது ஏழை வீட்டு அடுப்பைக் காத்தது அது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் நெல்லுச்சோறு. கல்குளம், விளவங்கோடு பக்கம் மரச்சீனியும் மீனும். ஒரே மாவட்டத்துக்குள் தட்டில் இருந்த இந்த வேறுபாடு பழைய ஆட்களுக்குத் தெரியும்.

வலியத்தான் குழு முன்வைத்த கருதுகோள் இப்படிப் போகிறது. மோனசைட் கலந்த மண்ணில் விளையும் கிழங்கில் சீரியம் ஏறுகிறது. புரதமும் மக்னீசியமும் குறைந்த உடலில் அந்தச் சீரியம் இதயத் திசுவில் தங்கி, நார்த்திசு உருவாக்கும் செல்களைத் தூண்டுகிறது. நோயாளிகளின் இதயத் திசுவில் சீரியமும் தோரியமும் கூடுதலாக இருந்ததை அவர்கள் கண்டார்கள். மக்னீசியம் குறைந்த தீனியோடு சீரியம் கொடுத்த எலிகளின் இதயத்திலும் பாதிப்புத் தெரிந்தது. அழகான கருதுகோள். ஆனால் முடிந்த வழக்கு என்று இதைச் சொல்லமாட்டேன். மணல் இன்றும் அங்கேயே கிடக்கிறது, நோய் மட்டும் பெரும்பாலும் போய்விட்டது. 1980களுக்குப் பிறகு புதிய நோயாளிகள் சிறுகச்சிறுகக் குறைந்ததை அதே நிறுவனத்தின் இதய மருத்துவர் எஸ். சிவசங்கரன் 2009இல் எழுதியிருக்கிறார். மாறியது மண் இல்லை. தட்டு, குடிநீர், குழந்தைகளின் தொற்று, வறுமை எல்லாம் மாறின. அதே நோய் மொசாம்பிக்கின் இன்யாரிமே பகுதியில் இன்னும் இருக்கிறது. அங்கே 2008இல் அனா மொகும்பி குழு எக்கோ கருவியால் 1,063 பேரைப் பார்த்து, ஏறத்தாழ 20 சதவீதம் பேரிடம் அதன் அடையாளங்களைக் கண்டது. ஆகவே மணல் ஒரு காரணமாக இருந்திருந்தாலும் அது மட்டும் போதாது என்பது என் கணிப்பு. கடற்கரை மணலில் நடந்தாலே இதயம் இறுகும் என்று பயமுறுத்தும் பேச்சுகளுக்கு இந்த ஆய்வுகளில் இடமே இல்லை.

நமக்கு இங்கே வேண்டியது காரணம் அல்ல, விளைவு. வலது அறை அடைபட்டால் ரத்தம் வந்து இறங்க இடமில்லை. கீழ்ப்பெருஞ்சிரையின் அழுத்தம் இயல்பைவிடப் பல மடங்கு ஏறுகிறது. ஈரல் ரத்தம் தேங்கிப் பருக்கிறது. நோயியல் வல்லுநர் அப்படிப்பட்ட ஈரலை வெட்டிப் பார்க்கும்போது சிவப்பும் வெளிர்மஞ்சளும் மாறிமாறித் தெரிவதால் ஜாதிக்காய் ஈரல் என்றே அதற்குப் பெயர். ஈரலின் நுண்வழிகளிலிருந்து நிணநீர் கசிந்து வயிற்றில் நிறைகிறது. இந்த நீரில் புரதம் அதிகம், நூறு மில்லியில் 2.5 கிராமுக்கு மேல் இருக்கும்; ஈரலே தழும்பேறிய சிரோசிஸ் நோயாளியின் நீரில் பெரும்பாலும் அதற்குக் குறைவு. ஒரு ஊசி நீரை எடுத்துச் சோதித்தால், அடைப்பு ஈரலுக்குள்ளா அதற்கு மேலேயா என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். அதே பெருஞ்சிரையின் அதே அழுத்தம் இடுப்புக்கும் இறங்கி, சிறுநீர்ப்பையைச் சுற்றியுள்ள சிரைப்பின்னலைப் புடைக்கவைக்கிறது.

பட்-கியாரி நோயிலும் இதே வழிதான். ஈரல் சிரைகளில் ரத்தம் உறைவது ஒரு வகை. கீழ்ப்பெருஞ்சிரையிலேயே சவ்வுபோல் தடுப்பு வந்து அடைப்பது இன்னொரு வகை, இந்தியாவில் குறைவில்லாமல் காணப்படுவது. முதல் வகையில் இடுப்புச் சிரைகளுக்கு வழி திறந்தே இருக்கலாம். இரண்டாவதில் ஈரலும் இடுப்பும் காலும் ஒருசேர அடைபடும். வயிற்றுச் சுவரிலும் முதுகிலும் சிரைகள் மேல்நோக்கிப் புடைத்து ஓடுவதை வைத்தே அனுபவமுள்ள மருத்துவர் இதைச் சந்தேகிப்பார்.

இனி அந்தத் தசைக்கு வருவோம்.

சிறுநீர்ப்பையின் சுவரை உருவாக்குவது டெட்ரூசர் என்ற மென்தசை. நாம் நினைத்தவுடன் அசைக்கும் கைத்தசை போன்றதல்ல இது. செல்கள் நீண்டு, இரு முனையும் கூர்ந்து, கட்டுக்கட்டாகப் பல திசையில் பின்னிக் கிடக்கின்றன. இதன் திறமை சுருங்குவதில் மட்டுமில்லை, சுருங்காமல் இருப்பதிலும் இருக்கிறது. நானூறு மில்லி நிறையும் வரை உள்ளழுத்தம் அதிகம் ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. இடம் கிடைத்ததும் எல்லாக் கட்டுகளும் ஒன்றாகச் சுருங்கி, ஏறத்தாழ மிச்சமில்லாமல் தள்ளுகிறது.

சுருங்கச் சொல்வது நரம்பு முனையிலிருந்து வரும் அசிட்டைல்கோலின். அது செல்லின் மேல் உள்ள எம்3 ஏற்பியில் உட்கார்ந்ததும், உள்ளே சேமித்துவைத்த கால்சியம் வெளியே வருகிறது, வெளியிலிருந்தும் கொஞ்சம் நுழைகிறது. கால்சியம் கால்மோடுலின் என்ற புரதத்தைப் பிடிக்க, அது ஒரு நொதியை எழுப்ப, அந்த நொதி மயோசினுக்கு வேலை கொடுக்கிறது. தசை சுருங்குகிறது. வேலை முடிந்ததும் கால்சியத்தைப் பழைய இடத்துக்குத் திருப்பித் தள்ள வேண்டும். பலர் கவனிக்காத செய்தி இது: சுருங்குவதற்கு மட்டுமல்ல, தளர்வதற்கும் ஆற்றல் வேண்டும். கால்சியத்தை இறைக்கும் பம்புகள் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு இல்லாமல் ஓடாது, ஏ.டி.பி. ஆக்ஸிஜன் இல்லாமல் போதிய அளவு வராது.

சிரைப்பக்கம் தேங்கினால் ஆக்ஸிஜனுக்கு என்ன கேடு என்று கேட்கலாம். தமனி திறந்துதானே இருக்கிறது? ரத்தம் நகர்வது இரு முனைகளின் அழுத்த வேறுபாட்டால். வெளியேறும் முனையில் அழுத்தம் ஏறினால், நுழையும் ரத்தமும் மெதுவாகும். கூடவே நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து தசைக் கட்டுகளுக்கு இடையே தேங்கும். குழாய்க்கும் செல்லுக்கும் நடுவே தூரம் கூடும். ஆக்ஸிஜன் அந்த நீரைக் கடந்துபோய்ச் சேர வேண்டும். சிறுநீர்ப்பைக்கு இதில் தனியான ஒரு பலவீனமும் உண்டு. பை நிறைந்து சுவர் விரியும்போது அதன் ரத்த ஓட்டம் இயல்பிலேயே குறையும், காலியானதும் மீளும். ஆரோக்கியமானவருக்கு இது பொருட்டே இல்லை. ஏற்கெனவே சிரை புடைத்து, திசு நீர் கோத்து இருப்பவருக்கு, ஒவ்வொரு நிறைவும் ஒரு சிறு மூச்சுத்திணறல். ரத்தம் மீளும்போது கூடவே உருவாகும் வினைமிகு ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் செல்சவ்வைச் சேதப்படுத்தும்.

குறைந்த ரத்தத்தில் இந்தத் தசை எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு நல்ல சான்று பாஸ்டனில் காஸிம் அஸாத்சோய் குழு 1990களில் முயல்களில் செய்த ஆய்வுகள். அவர்கள் குறைத்தது தமனிப் பக்கத்து ஓட்டத்தை, சிரையை அல்ல. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். ஓட்டம் மிதமாகக் குறைந்தபோது சிறுநீர்ப்பை அமைதியிழந்தது, நிறையும் முன்பே தானாகச் சுருங்கியது. ஓட்டம் கடுமையாகக் குறைந்தபோது எதிர்மாறாக, சுருங்கும் பலமே போனது. சுவரில் நார்த்திசு கூடியது. முதல் கட்டத்தில் அவசரம், பிந்திய கட்டத்தில் மிச்சம். ஒரே நோயாளி ஓராண்டில் ‘அடக்க முடியலை’ என்றும் மறு ஆண்டில் ‘போக முடியலை’ என்றும் சொன்னால் அதில் முரண்பாடு ஏதும் இல்லை. தசைச் செல்லைவிட, அந்தச் சுவருக்குள் ஓடும் நரம்பிழைகள் ஆக்ஸிஜன் குறைவை இன்னும் சீக்கிரம் தாங்காமல் போகின்றன. தசை உயிரோடு இருக்கும், கட்டளை வந்து சேராது.

அடைப்பு ஈரலுக்குள்ளேயே இருக்கும் இரண்டாவது வகைதான் இன்று ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையிலோ திருவனந்தபுரத்திலோ நாம் அதிகம் பார்ப்பது. குடி, கொழுப்பேறிய ஈரல், மஞ்சள் காமாலை வைரஸ்கள் என்று காரணம் எதுவானாலும் முடிவில் சிரோசிஸ். போர்ட்டல் சிரைக்கும் ஈரல் சிரைக்கும் உள்ள அழுத்த வேறுபாடு இயல்பாக 5 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருக்கும். 10 ஆனால் சிக்கல்கள் தொடங்கும், 12ஐத் தாண்டினால் உணவுக்குழாய்ச் சிரைகள் வெடித்து ரத்தவாந்தி வரலாம்.

இந்த அடைப்பில் செல் அளவில் ஒரு வினோதம் இருக்கிறது. ஈரலின் நுண்வழிகளை ஒட்டி ஸ்டெல்லேட் செல்கள் என்று ஒரு வகை உண்டு. சாதாரண நாளில் வைட்டமின் ஏ சேமித்துக்கொண்டு சும்மா இருப்பவை. ஈரல் தொடர்ந்து அடிபடும்போது இவை குணம் மாறுகின்றன. மென்தசைக்கே உரிய ஆக்டின் புரதத்தை உண்டாக்கி, சுருங்கக் கற்றுக்கொண்டு, நுண்வழியை நெரிக்கின்றன, கூடவே நார்த்திசுவும் சுரக்கின்றன. ஈரலுக்குள் கூடும் தடையில் கால் பங்கு அல்லது அதற்கும் மேல் இந்தச் சுருக்கத்தால் வருவது, மீதிதான் தழும்பு. நெடுநாள் அடிபட்ட சிறுநீர்ப்பையில் நடப்பது இதன் தலைகீழ். அங்கே தசைச் செல் சுருங்கும் வேலையைக் குறைத்து, கொல்லாஜன் சுரக்கும் வேலைக்கு மாறுகிறது. மேலே தசையாக இருக்கக்கூடாதது தசையாகிறது, கீழே தசையாக இருக்க வேண்டியது தசையாக இல்லாமல் போகிறது. இரண்டு மாற்றத்திலும் முன்னிற்கும் செய்திப்புரதம் ஒன்றே, டி.ஜி.எஃப்-பீட்டா. இதயத்தின் உட்புறத் தழும்பிலும் அதற்குப் பங்குண்டு.

சிரோசிஸில் பெருஞ்சிரை அடைபடுவதில்லை; ஆகவே இடுப்பில் நேரடித் தேக்கம் இருக்காது என்று நினைக்கலாம். ஆனால் போர்ட்டல் ரத்தம் ஈரலுக்குள் போக முடியாமல் குறுக்குவழி தேடுகிறது. உணவுக்குழாய், தொப்புள், மலக்குடல் இவை தெரிந்த வழிகள். மலக்குடல் சிரைகள் வழியாக இடுப்புச் சிரைகளுக்குள் இறங்கும் ரத்தம், பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப்பைச் சிரைகளையும் புடைக்கவைப்பது அரிதாக உண்டு. முன்பு அடிவயிற்றில் அறுவை செய்து ஒட்டல்கள் ஏற்பட்டவர்களிடம் இது நடக்கலாம். வலியில்லாமல் சிவப்பாகச் சிறுநீர் போனால் கல், கட்டி, தொற்று என்று தேடுவது சரியான வரிசையே. போர்ட்டல் அழுத்தம் ஏறியவரிடம் அந்த வரிசையின் கடைசியில் இதையும் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் தெரியாமல் அந்த இடத்தைக் கிள்ளிச் சதை எடுத்தால் ரத்தம் நிற்காது.

சிரோசிஸில் மூத்திரத் தொல்லைக்கு இதைவிடப் பெரிய காரணம் நைட்ரிக் ஆக்ஸைடு. குடலைச் சுற்றியுள்ள தமனிகள் சிரோசிஸில் தளர்ந்து விரிகின்றன. பாட்ரிக் வாலன்சும் சால்வடார் மொன்காடாவும் 1991இல் அதற்கு நைட்ரிக் ஆக்ஸைடு மிகுதியே காரணமாக இருக்கலாம் என்றார்கள். ராபர்ட் ஷ்ரையர் அதற்கு மூன்று ஆண்டு முன்பே விளைவைச் சொல்லிவிட்டார்: தமனிகள் விரிந்ததால், உடலில் நீர் நிறைய இருந்தும் சிறுநீரகம் ரத்தம் பற்றவில்லை என்று எண்ணி உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. பகலில் நடமாடும்போது இந்தப் பிடிப்பு இறுக்கம். இரவில் படுத்ததும் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் கூடுவதால் பிடி கொஞ்சம் தளர்ந்து, உப்பும் நீரும் வெளியேறும். பகலில் போகாத மூத்திரம் ராத்திரி வருவது இதனால். இது சிறுநீர்ப்பையின் கோளாறே அல்ல, ஆனால் சோர்ந்த தசைக்கு ஓய்வு கிடைக்க வேண்டிய நேரத்தில் வேலை கூடுகிறது. நீர் மாத்திரையைக் காலையில் விழுங்கச் சொல்வதற்குக் காரணமும் இதோடு சேர்ந்ததுதான்.

நைட்ரிக் ஆக்ஸைடு டெட்ரூசரையும் தளர்த்திவிடும் என்று எழுதினால் கதை வசதியாக முடியும். ஆனால் உடல் அப்படி எளிதாக இல்லை. அந்த மூலக்கூறு நன்றாக வேலைசெய்வது பையின் கழுத்திலும் சிறுநீர்க் குழாயிலும். பையின் உடல்தசை அதற்கு அவ்வளவாக இணங்குவதில்லை. உடல்தசையை அதிகம் பாதிப்பது நரம்பு. நீண்டநாள் ஈரல் நோயில், குடி காரணமோ இல்லையோ, தன்னியக்க நரம்புகள் நலிவது நன்றாகவே பதிவாகியிருக்கிறது. குடியும் இருந்தால் அதன் நரம்பு நஞ்சு தனிக்கணக்கு. நீர் மாத்திரையால் பொட்டாசியம் இறங்கினால் தசைச் செல்லின் மின்னூட்டமும் கலையும்.

அடைப்பு ஈரலுக்கு முன்னால், போர்ட்டல் சிரையிலேயே இருக்கும் வகையில் ஈரல் செல்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், மண்ணீரல் பெருத்திருக்கும். சிறுநீர்ப்பைக்கு அதனால் வரும் தொல்லை சொற்பம்.

வயிற்று நீரின் எடையையும் மறக்கக்கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வயிற்றின் உள்ளழுத்தத்தை அளக்க வயிற்றில் ஊசி குத்துவதில்லை. சிறுநீர்ப்பைக்குள் போட்ட குழாய் வழியாகக் கொஞ்சம் உப்புநீர் விட்டு, அங்கிருக்கும் அழுத்தத்தை அளக்கிறார்கள். 1984இல் இர்விங் க்ரான் குழு வழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை. வயிற்றின் அழுத்தம் அப்படியே அந்தப் பைக்குள் வந்துவிடுகிறது என்பதால்தான் இது நடக்கிறது. 12 மில்லிமீட்டரைத் தாண்டினால் மிகையழுத்தம். பத்து லிட்டர் நீர் சுமக்கும் வயிற்றில், நூற்றைம்பது மில்லி சேர்ந்ததுமே பை நிறைந்துவிட்டதாக மூளைக்குச் சேதி போகும். நீரை இறக்கிய அன்றிரவு சிலர் ஒரு தடவைகூட எழும்பாமல் தூங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர்த்திசையிலும் ஒரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்த உடலியல் விந்தைகளில் ஒன்று. சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் தேங்கி, அதில் யூரியாவை உடைக்கும் புரோட்டியஸ் போன்ற கிருமி சேர்ந்தால், அம்மோனியா ஏராளமாக உண்டாகும். அந்த அம்மோனியா சுவர் வழியே சிரைப்பின்னலில் ஏறி, ஈரலைத் தொடாமலே பெருஞ்சிரைக்குப் போய், மூளையை எட்டும். ஈரல் முற்றிலும் நன்றாக இருப்பவரே இப்படி மயங்கிப்போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் உண்டு. அடைத்திருந்த மூத்திரத்தை இறக்கியதும் தெளிந்திருக்கிறார்கள். ஈரல் கெட்டவருக்கு இது இரட்டை அடி. சிரோசிஸ் நோயாளி திடீரென்று குழம்பிப் பேசினால் மலச்சிக்கலைக் கேட்பதோடு மூத்திரம் எப்போது போனார் என்றும் கேட்க வேண்டும். இவர்களிடம் அடிக்கடி காணும் தொற்றுகளில் சிறுநீர்த் தொற்றும் ஒன்று. காய்ச்சல் இல்லாமலே வரலாம்.

இவ்வளவு சொன்னபின் எதிர்ப்பக்கம் ஒன்றும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய ஈரல் நோயாளிக்குச் சர்க்கரையும் இருப்பது சாதாரணம். சர்க்கரை ஒன்றே சிறுநீர்ப்பை நரம்பைக் கெடுக்கப் போதும். ஆண் என்றால் ப்ராஸ்டேட், பெண் என்றால் பிரசவங்களால் தளர்ந்த அடித்தளத் தசை. எல்லாப் பழியையும் ஈரல்மேல் போடுவது சுலபம், தப்பு. ஆனால் ப்ராஸ்டேட் மாத்திரை எழுதும்முன் ஈரலை நினைக்காமல் இருப்பதும் தப்பு. அவற்றில் பல மாத்திரைகள் ரத்த அழுத்தத்தைக் குறைப்பவை. சிரோசிஸில் அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும், ராத்திரி எழும்பும்போது தலைசுற்றி விழுவார்கள். அவசரத்தை அடக்கக் கொடுக்கும் மாத்திரைகளில் பல எம்3 ஏற்பியை மூடுபவை. ஏற்கெனவே சோர்ந்த தசையில் அவை மூத்திரத்தைத் தேக்கும், மலத்தையும் கட்டும். மலம் கட்டினால் அம்மோனியா ஏறும்.

பொழியை வெட்டும் வழிகள் இன்று உண்டு. அடைபட்ட பெருஞ்சிரையை பலூனால் விரிக்கிறார்கள், ஸ்டென்ட் வைக்கிறார்கள். பாரிஸில் ஷார்ல் துபோஸ்ட் 1970களில் தொடங்கிய இதய உட்தழும்பு உரித்தெடுக்கும் அறுவையைத் திருவனந்தபுரத்திலும் செய்தார்கள்; கடினமான அறுவை, இழப்புகளும் இருந்தன. குடியை நிறுத்தினாலே சிலருக்குப் போர்ட்டல் அழுத்தம் கண்ணுக்குத் தெரிய இறங்குகிறது. ஸ்டெல்லேட் செல்லின் சுருக்கம் தளரக்கூடியது என்பதால் இது சாத்தியம். சிறுநீர்ப்பைத் தசையிலும் தொடக்கக் கட்ட மாற்றங்கள் திரும்பக்கூடியவை, கொல்லாஜன் படர்ந்தபின் அப்படியில்லை.

எனவே சீக்கிரம் தெரிந்துகொள்வதில் லாபமுண்டு, அதற்குத் தனிச் சோதனை வேண்டியதில்லை. வயிற்று நீரைப் பார்க்க எப்படியும் ஸ்கேன் எடுக்கிறார்கள். அதே மேசையில், மூத்திரம் போய்விட்டு வந்தபின் பையில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கச் சொன்னால் இன்னும் சில நிமிடம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வார்டில் நர்ஸ் கையில் வைத்திருக்கும், தானாக எண் காட்டும் சிறு சிறுநீர்ப்பை ஸ்கேனர் வயிற்று நீரையும் மூத்திரம் என்று எண்ணி ஐந்நூறு, அறுநூறு என்று காட்டிவிடும். அதை நம்பிக் குழாய் போட்டால் வருவது முப்பது மில்லியாக இருக்கலாம், கூடவே ஒரு தொற்றும் போய்ச் சேரும். மகோதரக்காரருக்குப் பையின் சுவரைப் படத்தில் கண்ணால் பார்த்து அளக்கும் ஸ்கேன்தான் சரி.